படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டிலேயே பல், வாய் பராமரிப்பு: முழுமையான வழிகாட்டி

போன வருடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிய வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "சாப்பாடே இறங்க மாட்டேங்கு டாக்டர், வாயில வச்சா துப்பிருதாங்க" என்றார் மகள். ஆச்சியை அவர்கள் கவனித்துக்கொண்ட விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தினமும் வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, தலை சீவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைத்திருந்தார்கள். முதுகில் ஒரு புண் கிடையாது.

வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். மேல் செட் பல் உள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் இருந்து அதை யாரும் கழற்றவே இல்லை. மெதுவாக அசைத்துக் கழற்றினேன். அண்ணத்தோடு ஒட்டியிருந்த பக்கம் பச்சையும் கறுப்புமாக, வழவழவென்று ஒரு படலம். அண்ணம் ரத்தச் சிவப்பு. வலது கன்னத்துக்குள் காஸ் துணியை விட்டு வழித்தபோது இட்லித் துணுக்கும் பாதி கரைந்த மாத்திரை ஒன்றும் வந்தன. "ஏய்யா, எரியுதுய்யா" என்றார் ஆச்சி. அத்தனை நாளும் அவர் சொல்லத் தெரியாமல் இருந்தது அதைத்தான்.

செட்டை எடுத்துவைத்துவிட்டு, வாயைச் சுத்தம் செய்து, பூஞ்சைக்குப் பூச்சு மருந்து கொடுத்து வந்தேன். ஐந்தாம் நாள் மகள் போன் செய்தார். ஆச்சி ரசஞ்சோறு கேட்டாராம்.

நான் பல் மருத்துவர். கிளினிக்குக்கு வர முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதைத்தான்: உடம்பெல்லாம் கழுவுவார்கள், வாய் மூடியே கிடக்கும். தினமும் இரண்டு தடவை அந்த வாயைத் திறந்து, பார்த்து, துடைத்து மூடுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும், வந்தால் வீட்டில் என்னென்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், இது ஏன் இவ்வளவு முக்கியம்

சாப்பிடும்போது புரை ஏறினால் நமக்கு இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். பக்கவாதம், பார்க்கின்சன், முற்றிய மறதி நோய் இருப்பவர்களுக்கு அந்த இருமலே சரியாக வராது. தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சத்தமே இருக்காது. அந்த எச்சிலில் அழுக்குப் பல்லின் கிருமிகள் இருந்தால் அவை நேராக நுரையீரலுக்குப் போகின்றன. நிமோனியா என்று ஐசியூவில் சேர்க்கப்படும் முதியவர்களில் பலருக்குக் கிருமி புறப்பட்ட இடம் வாய்தான்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தேய்த்துவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம். முக்கியக் கருவி சாதாரண பிரஷ்தான். பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. "அப்பாவுக்குப் பல்லே இல்லையே, எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சர்க்கரை நோய் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும்.

வாங்கி வைக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. குழந்தைகளுக்கான சிறிய தலை உள்ள மென்மையான பிரஷ் இரண்டு, ஃப்ளூரைடு பேஸ்ட், காஸ் துணி ஒரு கட்டு, கையுறை, நல்ல வெளிச்சம் தரும் சின்ன டார்ச், ஒரு துண்டு, வாயின் ஓரத்தில் பிடிக்க வளைந்த கிண்ணம் அல்லது பழைய ஐஸ்கிரீம் டப்பா. உதட்டுக்கு வாசலின். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கிறீர்கள் என்றால் வாசலின், எண்ணெய் இரண்டும் வேண்டாம். தண்ணீர் சார்ந்த ஜெல் கேட்டு வாங்குங்கள்.

பஞ்சு சுற்றிய குச்சிகள், ஸ்பாஞ்ச் குச்சிகள் மருந்துக்கடையில் கிடைக்கும். ஈரப்படுத்த அவை சரி. பல்லில் ஒட்டிய படலத்தை அவை எடுக்காது. அதற்கு பிரஷ் முடிதான் வேண்டும். ஸ்பாஞ்ச் தலை கழன்று தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு, அதனால் கடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அதைத் தரவே தராதீர்கள்.

தானே தேய்க்க முடிகிற பெரியவர் என்றால் தேய்க்க விடுங்கள். விரல் மூட்டு வலியால் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை என்றால் சைக்கிள் கைப்பிடி உறையை பிரஷ்ஷின் காம்பில் மாட்டுங்கள், அல்லது துணியைச் சுற்றிப் பருமனாக்குங்கள். அவர் தேய்த்து முடித்த பிறகு நீங்கள் ஒரு சுற்று சரிபார்த்தால் போதும். பல் தேய்ப்பது அவருடைய வேலையாக இருக்கும்வரை அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

படுக்கவைக்கும் முறை

இதில் தவறினால் மற்ற எல்லாமே ஆபத்து. மல்லாந்து படுத்திருப்பவரின் வாயில் தண்ணீர் விடவே கூடாது. தலைமாட்டை உயர்த்தி, தலையணைகளை முட்டுக்கொடுத்து, முடிந்தவரை உட்காரவையுங்கள். நேராக உட்கார முடியாவிட்டால் அரைச்சாய்வாவது வேண்டும். முகவாய் லேசாக நெஞ்சை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் தொண்டை திறந்துகொள்ளும்.

உட்காரவைக்கவே முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் நல்ல பக்கம் கீழே, விழுந்த பக்கம் மேலே. சோறு தேங்குவது விழுந்த பக்கத்துக் கன்னத்தில்தான், அது மேலே இருந்தால் உங்களுக்கும் துடைக்க எளிது. கன்னத்துக்குக் கீழே துண்டும் கிண்ணமும்.

நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து செய்யாதீர்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். உங்கள் முதுகுக்கும் நல்லது, அவருக்கும் பயம் குறையும். மூக்கு வழி டியூப் இருப்பவருக்கு உணவு கொடுத்த உடனே செய்ய வேண்டாம். ஒரு மணி நேரமாவது விட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் குமட்டி வாந்தி வரும்.

தினமும் செய்ய வேண்டியது

கையைக் கழுவிக் கையுறை போடுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்லுங்கள்: "அப்பா, வாயைத் துடைக்கப் போறேன்." காது பெரும்பாலும் கேட்கும்.

உதடு காய்ந்திருந்தால் முதலில் ஈரப்படுத்துங்கள். காய்ந்த உதட்டை இழுத்தால் வெடித்து ரத்தம் வரும், அடுத்த நாள் அவர் வாயைத் திறக்க மாட்டார். செட் பல் இருந்தால் கழற்றுங்கள். அப்புறம் டார்ச் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி, அண்ணம். நேற்று இல்லாதது ஏதாவது இன்று இருக்கிறதா? தினமும் பார்க்கிற உங்களுக்குத்தான் அது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற எனக்குத் தெரியாது.

காஸ் துணியை விரலில் சுற்றி, நனைத்து, நன்றாகப் பிழிந்து கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை வழித்தெடுங்கள். விரல் கன்னப்பக்கமாக மட்டும் போகட்டும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே விரலை வைக்கவே வைக்காதீர்கள். வேண்டுமென்று கடிக்க மாட்டார்கள். பக்கவாதத்திலும் மறதி நோயிலும் வாயில் ஏதாவது பட்டாலே தாடை தானாக இறுகும், அவராலும் விட முடியாது. வாயைத் திறந்து வைக்க இரண்டாவது பிரஷ்ஷின் தடித்த காம்பைக் கடைவாயில் ஓரமாக வையுங்கள்.

பிரஷ்ஷில் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவுக்கும் குறைவாகப் போதும், துப்ப முடியாதவருக்கு ஒரு தடவல். நிறையப் போட்டால் நுரை தொண்டைக்குப் போகும். நுரை வராத பேஸ்ட்டும் கிடைக்கிறது, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அதுதான் நல்லது. பிரஷ்ஷைச் சாய்வாக, முடி பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். கடைவாய்ப் பல்லில் தொடங்கி முன்னால் வாருங்கள். முன்பல்லில் கூச்சம் அதிகம், அதை முதலில் தொட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். சொத்தை விழுவது பெரும்பாலும் அந்த வேரில்தான், அதனால் ஈறும் பல்லும் சேரும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

முதல் வாரம் ஈறில் ரத்தம் கசியும். பயந்து நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக் கூடாது. அழுக்கு இருப்பதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. மெதுவாகத் தொடர்ந்து தேய்த்தால் பத்து நாளில் குறையும். குறையவில்லை என்றாலோ, தேய்க்காமலே ரத்தம் வந்தாலோ மருத்துவரைக் கேளுங்கள்.

கொப்பளித்துத் துப்ப முடிந்தவர் துப்பட்டும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியதில்லை. பேஸ்ட்டின் ஃப்ளூரைடு பல்லில் கொஞ்சம் தங்குவது நல்லது. துப்ப முடியாதவருக்கு ஈர காஸ் துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். தேய்த்து அவிழ்த்துவிட்ட கிருமிகள் தொண்டைக்குப் போனால் செய்த வேலையெல்லாம் வீண், ஆகவே இந்தத் துடைப்பை அவசரப்படாமல் செய்யுங்கள்.

கடைசியாக நாக்கு. உலோக நாக்கு வழிப்பான் வேண்டாம், காய்ந்த நாக்கைக் கீறிவிடும். மென்மையான பிரஷ்ஷை ஈரமாக்கிப் பின்னிருந்து முன்னால் இரண்டு இழுப்பு. ரொம்பப் பின்னால் போனால் குமட்டும்.

முழுவதற்கும் ஐந்து நிமிடம். காலையில் ஒரு தடவை, இரவு தூங்கும் முன் ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவு, கிருமிக்கு அதுதான் கொண்டாட்டமான நேரம். அதே காரணத்தால், பல் துடைத்த பிறகு "வெறும் வயிறா தூங்கக்கூடாது" என்று சர்க்கரை போட்ட பால் கொடுப்பதை மாற்றிக்கொள்ளுங்கள். பாலைக் கொடுத்துவிட்டுத் துடையுங்கள்.

டியூப் வழியாகச் சாப்பிடுபவருக்கு

"வாயால் சாப்பிடவே இல்லையே, பல் எப்படி அழுக்காகும்?" என்ற கேள்வி நிறைய வரும். மென்று விழுங்கும்போது நாக்கும் கன்னமும் எச்சிலும் சேர்ந்து வாயைத் தாமாகவே கழுவுகின்றன. அது நின்றுபோனால் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். அண்ணத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதைப் பிய்க்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி ஊறவிட்டு, சில நிமிடம் கழித்து மெதுவாக உருட்டி எடுங்கள். ஒரே நாளில் எல்லாம் வர வேண்டும் என்று இல்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஈரப்படுத்த வேண்டியிருக்கும்.

செட் பல்

இரவில் கழற்ற வேண்டும். தூங்கும்போது போட்டுக்கொள்பவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு கூடுகிறது என்று 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். சில பெரியவர்களுக்குப் பல் இல்லாத முகத்தை மருமகன் முன்னால், பேரன் முன்னால் காட்டக் கூச்சம். அதை மதியுங்கள். கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணைக்கும் முன் கழற்றி, காலையில் யாரும் வரும் முன் மாட்டிவிடுங்கள்.

பேஸ்ட்டால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் பூஞ்சை குடியேறும். சாதாரண சோப்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம், தனி பிரஷ், பச்சைத் தண்ணீர் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், கை நழுவினாலும் உடையாது. இரவு மூடி போட்ட டப்பாவில், தண்ணீரில். காகிதத்தில் மடித்து வைத்தால் அது குப்பைக்குப் போகும். தலையணைக்கு அடியில் வைத்து உடைத்துக்கொண்டு வந்த செட்டுகளும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் எழுதிய டப்பாவையும் கொண்டுபோங்கள், "செட் பல் இருக்கிறது" என்று நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகோ, உடம்பு மெலிந்த பிறகோ பழைய செட் ஆடும். ஆடும் செட் ஈறைப் புண்ணாக்கும். அதை வீட்டில் கத்தியால் சுரண்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிசின் போட்டு ஒட்டாதீர்கள். மருத்துவர் வீட்டுக்கே வந்து உராயும் இடத்தைத் தேய்த்துக் கொடுக்கலாம், உட்புறம் புதிய அடுக்கு போட்டு இறுக்கமாக்கலாம்.

வாய் காய்ந்துபோனால்

காரணம் பெரும்பாலும் மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும். சிறுநீர் போகக் கொடுக்கும் மாத்திரை, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அலர்ஜி மாத்திரை, பார்க்கின்சன் நடுக்கத்துக்கான டிரைஹெக்சிபெனிடில், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாமே எச்சிலை வற்றவைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் "வாய் காயுது, மாத்த முடியுமா?" என்று கேளுங்கள், சில நேரம் மாற்று இருக்கும்.

அடிக்கடி சில சொட்டுத் தண்ணீர், செயற்கை எச்சில் ஜெல், துப்ப முடிந்தவர் என்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிப்பது, இவை உதவும். எலுமிச்சை தேய்க்காதீர்கள். முதலில் எச்சில் ஊறுவது போல இருக்கும், காய்ந்த வாயில் அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். வாய் காய்கிறது என்று மிட்டாய் அடக்கிக்கொள்வதும் ஆறே மாதத்தில் வேர்ச்சொத்தையில் கொண்டுபோய் விடும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர் ஒவ்வொரு முறையும் வாயைக் கழுவவோ துடைக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் தயிர் ஆடை போல வெள்ளைத் திட்டு வரலாம். துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். அது பூஞ்சை. மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

நம் வீட்டுப் பழக்கங்களைப் பற்றி

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த தலைமுறை இது. வேப்பங்குச்சி அவருக்கு எழுபது வருடப் பழக்கம். உட்கார்ந்து, மென்று, துப்ப முடிகிறவர் செய்துவிட்டுப் போகட்டும், கூடவே ஃப்ளூரைடு பேஸ்ட்டும் இருக்கட்டும். உமிக்கரி, செங்கல் பொடி வேண்டாம். வெளியே தெரியும் வேர் மென்மையானது, தேய்ந்து பள்ளம் விழும்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை விழுங்கச் சிரமப்படுபவருக்குச் செய்யவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராமல் அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். பல் வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஊற்றி அழுத்தினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் பக்கத்தில் அடக்கிவைத்து வெள்ளையாக வெந்துபோன கன்னங்களையும் பார்த்திருக்கிறேன்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவர் என்றால் கன்னத்தின் உட்பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். சிற்றுரலில் இடித்துப் போட்டுக்கொள்கிற ஆச்சிகள் புகையிலையை அடக்கிவைக்கும் அந்த ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் மாற்றம் தொடங்கும். வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, கெட்டியான ஓரம் உள்ள புண், வாய் வர வரக் குறைவாகத் திறப்பது இவை இருந்தால் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் சூட்டுப் புண் என்று விட்டுவிடாதீர்கள். வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி ஆகாது; வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

மறதி நோய் உள்ளவர் வாயைத் திறக்காவிட்டால்

கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு தடவை பிடித்துத் திறந்தால் ஒரு மாதத்துக்கு உங்களை நம்ப மாட்டார். அவர் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரியும், காலைக் காப்பி குடித்த பிறகாக இருக்கலாம். அந்த நேரத்தில் செய்யுங்கள். முன்னால் இருந்து வாருங்கள். அவர் கையிலும் ஒரு பிரஷ் கொடுங்கள், நீங்களும் ஒன்று எடுத்து உங்கள் பல்லைத் தேய்த்துக் காட்டுங்கள். சிலர் பார்த்தே தொடங்கிவிடுவார்கள். சிலருக்கு அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்து முதல் இரண்டு அசைவைத் தொடங்கிவைத்தால் எழுபது வருடப் பழக்கம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். குளியலறையில் வாஷ்பேசின் முன்னால் நிற்கவைத்தால் திறக்கும் வாய், கட்டிலில் திறக்காமல் இருக்கலாம். இன்று கீழ்வரிசை, நாளை மேல்வரிசை என்றாலும் சரி.

வலியை இவர்களால் சொல்ல முடியாது. திடீரென்று கெட்டியானதை ஒதுக்குவது, ஒரு பக்கமாகவே மெல்வது, கன்னத்தைப் பிடித்துக்கொள்வது, செட்டைப் போட மறுப்பது, இரவில் அலறுவது, காரணமில்லாமல் அடிப்பது. "கோபம் அதிகமாகிவிட்டது" என்று மனநல மாத்திரையை ஏற்றும் முன் ஒரு தடவை வாய்க்குள் பாருங்கள்.

மருத்துவரை வீட்டுக்கு அழைப்பது

வீட்டில் செய்ய முடிகிறவை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கைக் கருவியாலும் சிறிய எடுத்துச்செல்லும் இயந்திரத்தாலும் பல்லில் படிந்து இறுகிய காறையை எடுக்கலாம். ஆடும் பல்லைப் பிடுங்கலாம். ரொம்ப ஆடும் பல்லைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், தூக்கத்தில் விழுந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். செட் பல்லுக்கு அளவெடுக்கலாம்.

சொத்தைக்கு டிரில் இல்லாமலே வழி உண்டு. கைக் கருவியால் மெத்தென்ற சொத்தையைச் சுரண்டி, ஃப்ளூரைடு கசியும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைப்பது. 1980-களின் நடுவில் மின்சாரம் இல்லாத டான்சானியா கிராமங்களுக்காக உருவான முறை இது. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் இதை ஊக்குவித்தது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சிகிச்சை குறைவு. இன்னொன்று, ஜப்பானில் பிறந்த சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற திரவம். சொத்தையின் மேல் தடவினால் போதும், ஊசி இல்லை, வலி இல்லை, சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். சொத்தை இருந்த இடம் கரியாகக் கறுக்கும். முன்பல்லில் தடவும் முன் பெரியவரிடமே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். என்னிடம் ஒரு தாத்தா யோசித்து மறுநாள்தான் சரி என்றார்.

புதைந்த பல்லை எடுப்பது, பெரிய கட்டி, ரத்தம் கட்டுப்படாத நிலை இருப்பவருக்குச் செய்யும் சிகிச்சை இவையெல்லாம் மருத்துவமனையில்தான்.

வருபவருக்கு இவற்றை எடுத்துவையுங்கள்: எல்லா மாத்திரைகளும் அட்டையோடு, கடைசி டிஸ்சார்ஜ் தாள், அன்றைய சர்க்கரை, ரத்த அழுத்தம். ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, பிளக் பாயிண்ட், இரண்டு துண்டு. சர்க்கரை நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். சாப்பாடும் மாத்திரையும் வழக்கம்போல.

கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை மூன்று. ரத்தம் இளக்கும் மாத்திரை. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிட்டாலும் சாதாரணமாகப் பல் பிடுங்கலாம், அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்திவிடலாம். வார்ஃபரின் என்றால், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை வேண்டும். பல் எடுக்கப்போகிறோம் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் மறுபடி பக்கவாதம் வரலாம். இரண்டாவது, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போட்டிருந்தால் சொல்லுங்கள். அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம் போன்றவை எடுத்தவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிவிடும். மூன்றாவது, இதய வால்வு மாற்றியவர் என்றால் பல் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது? குடும்பப் பல் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், பலர் கேட்டால் வருவார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் நடமாடும் வண்டியும் சமுதாயப் பல் மருத்துவத் துறையும் இருக்கும், அந்தத் துறையில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு நர்ஸ் வருகிறார் என்றால் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் 104, முதியோருக்கான 14567 ஆகிய எண்களிலும் வழி கேட்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை

தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில், கழுத்து நோக்கி வீக்கம் இறங்குகிறது. காய்ச்சலோடு விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது: இது உயிருக்கு ஆபத்து, 108-ஐ அழையுங்கள். பல் பிடுங்கிய இடத்தில் காஸ் துணியை மடித்துக் கடித்து அரைமணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. கொட்டாவி விட்டபின் வாய் மூடவே முடியாமல் நின்றால் தாடை விலகியிருக்கிறது. செட் பல்லைக் காணவில்லை, பெரியவர் இருமுகிறார் என்றால் விழுங்கியிருக்கலாம்.

கீழ்த்தாடை வலியோடு வியர்வையும் நெஞ்சில் பாரமும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பல் மருத்துவரைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கடைசி நாட்களில்

சாப்பாடு நின்று, மூச்சு வாயால் ஓடும் கட்டத்தில் பேஸ்ட்டும் பிரஷ்ஷும் தேவையில்லை. வாய் வெந்தது போலக் காயும், அந்த வேதனையைக் குறைப்பதுதான் வேலை. மணிக்கு ஒரு தடவை நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டையும் நாக்கையும் ஒற்றுங்கள். செட்டைக் கழற்றிவிடுங்கள்.

நம் பக்கத்தில் சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். யாரையும் தடுக்க மனம் வராது. கரண்டியால் ஊற்றினால் அது தொண்டையில் தேங்கி அவர் மூச்சுக்குத் திணறுவார். ஒரு கிண்ணத்தில் பாலையும் சுத்தமான பஞ்சையும் வைத்துவிடுங்கள். வருகிறவர் பஞ்சை நனைத்து, லேசாகப் பிழிந்து, உதட்டில் தொட்டுவைக்கட்டும்.